சொல்லிவிட்டுப் போன டீ

ஊர் வாய் லேசில் ஒருவரை மெச்சாது. ராஜாம்பாளை மட்டும் இந்த ஒரு மாதமாக மெச்சிக்கொண்டிருக்கிறது. மகன் போய் மூன்று வருஷத்தில், மருமகளுக்கு மறுகல்யாணம் செய்து வைக்க மாமியாரே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது அவலூர்பேட்டையில் தினமும் நடக்கிற காரியமா என்ன? "ராஜாம்பா மனசு யாருக்கு வரும்" என்று கடைத்தெருவே பேசுகிறது.

ஷோபனா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் தொண்டையில் சிக்கியிருக்கும் முள் வேறு. அவள் புருஷன் பார்த்திபன் செஞ்சிக் கோட்டை மலையிலிருந்து விழுந்து செத்தான். அன்று காலையில் இரண்டு பேருக்கும் ஒரு சண்டை. பெரிய சண்டையும் இல்லை. எங்கே போறீங்க என்று அவள் கேட்டாள், எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போகணுமா என்று அவன் கேட்டான். வாசல்வரை வந்து "போய்ட்டு வாங்க" என்று சொல்கிறவள், அன்று அடுப்படியில் நின்றபடியே "போங்க" என்றாள். வெறும் போங்க.

போனவன் வரவில்லை. தவறி விழுந்தான் என்று எழுதி முடித்தார்கள். பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு போய்க் குதித்தான் என்று ஊர் சொன்னது. எது நிஜம் என்று தெரியாமல் இன்னொருத்தனுக்குக் கழுத்தை நீட்ட ஷோபனாவால் முடியாது. இது அவள் மாமியாருக்கும் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

இப்படியிருக்க, மாப்பிள்ளையின் அக்கா பெண் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? அதே செஞ்சிக் கோட்டை.

"வீட்ல உக்காந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்ட்டுப் பொண்ணு பார்க்கறதெல்லாம் அந்தக் காலம்மா," என்று சென்னையிலிருந்து கவிதா போனில் உற்சாகமாகச் சொன்னாள். "கோட்டைக்கு இப்ப உலக அளவுல பேரு கெடச்சிருக்கு. அரண்மனையைப் பார்த்தா மாதிரியும் இருக்கும், இவங்க ரெண்டு பேரும் நாலு வார்த்தை பேசினா மாதிரியும் இருக்கும். சாயந்தரம் ஒரு டீ குடிச்சுட்டுக் கிளம்பிடலாம்."

ராஜாம்பாளுக்கு முகம் சுண்டிவிட்டது. பார்த்திபன் பைக் விபத்தில் போனான் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தாள். குதித்துச் செத்தவன் பெண்டாட்டி என்றால் எவன் வீட்டு வாசலை மிதிப்பான்? வேறு இடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். பொய்யின் லட்சணமே அதுதான், ஒன்று சொன்னால் அது குட்டி போடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு இரண்டுபட்டது. ராஜாம்பாள் ஒரு புடவையை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தாள். கொழுந்தன் விமல்ராஜ் சிநேகிதனின் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, "அண்ணி, காபி" என்று அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

அவனுக்குப் பால் ஆடை என்றால் குமட்டும். கைக்குழந்தையிலிருந்தே அப்படியாம். ஷோபனா இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் காபியை இரண்டு தரம் வடிகட்டித்தான் கொடுப்பாள். அப்படியும் சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் வாயில் வைக்க மாட்டான். "இன்னாடா, காபில மீன் பிடிக்கறியா" என்று பார்த்திபன் கேலி செய்வான். அதெல்லாம் அண்ணன் தம்பி பேசிக்கொண்டிருந்த காலம். கடைசி ஒரு மாதம், லோடு வண்டி விஷயமாக ஏதோ மனஸ்தாபம் வந்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் முகம் பார்க்காமல் இருந்தார்கள்.

"நான் வண்டியிலதான் இருப்பேன் அண்ணி. உள்ள வான்னு கூப்பிடாதீங்க," என்றான் விமல்ராஜ். "அண்ணன் செத்த எடத்தை நான் கண்ணால பார்த்ததில்ல. பார்க்கவும் மாட்டேன்."

அண்ணன் இறந்த அன்று அவன் மல்லாட்டைக் கடலை லோடு ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போயிருந்தானாம். சேதி கேட்டு மறுநாள்தான் அலறிக்கொண்டு வந்தான். ஷோபனாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உன்னை யாரும் கூப்பிடல. குடி," என்றாள்.

கோட்டை வாசலுக்கு வெளியே, புளியமரத்து நிழலில் தேவேந்திரனும் கவிதாவும் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். தேவேந்திரனுக்கு வந்தவாசி பக்கம் கால்நடை மருந்தகத்தில் வேலை. முதல் மனைவி இவனோடு ஒத்துவராமல் விலகிப் போய் நாலு வருஷம் ஆகிறது. சட்டையை இன்றைக்குத்தான் பிரித்துப் போட்டிருக்கிறான் என்பது மடிப்பிலேயே தெரிந்தது. ஷோபனாவைப் பார்த்ததும் கும்பிட்டான். பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டான்.

இவர்களை இறக்கிவிட்டுவிட்டு விமல்ராஜ் காரை ரோட்டோரமாகத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினான். மலைக்கு முதுகைக் காட்டி நிறுத்தினான் என்பதை ஷோபனா கவனித்தாள்.

"கைடு வேணுங்களா மேடம்? அன்வர் பாஷான்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுல இருந்தே கைகாட்டுவாங்க," என்று வெள்ளைத் தாடியும் மடக்குக் குடையுமாக ஒருவர் முன்னால் வந்தார். வரலாறு ஒரு பங்கு, மசாலா மூன்று பங்கு போட்டுக் கிண்டுகிற ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது. "இந்த டீக்கடை நம்ம வூட்டுக்காரம்மா முன்னியோடது. உள்ள போறதுக்கு முன்னாடி டீ சொல்லிட்டுப் போயிடுங்க. அதான் இங்க வழக்கம்."

"இப்பவே எதுக்குங்க? வரும்போது குடிக்கிறோம்," என்றாள் கவிதா.

கடைக்குள்ளிருந்து முன்னி பதில் சொன்னாள். "இப்ப குடிக்க வாணாம்மா. சொல்லிட்டுப் போங்க. சொன்ன டீ இங்க காத்துகினு இருந்தா, சொன்னவங்க பத்திரமா எறங்கி வந்துடுவாங்க. எங்க மாமியா காலத்துலேர்ந்து இப்படித்தான்."

கவிதாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாலு டீ என்றாள். முன்னி நாலு கண்ணாடி கிளாஸைக் கழுவி, முன்பலகையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். வந்த பிறகுதான் அதை நிமிர்த்துவாளாம்.

மேல்பலகையில் இன்னொரு கிளாஸ் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. மற்ற பாத்திரமெல்லாம் பளபளவென்று இருக்கிற கடையில் இது ஒன்றை மட்டும் ஏன் துடைக்காமல் விட்டிருக்கிறாள் என்று ஷோபனா நினைத்தாள். அதற்குள் எல்லோரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததிலிருந்து அவளுக்கு முதுகு கூசியது. யாரோ பின்னால் வருகிற மாதிரியே இருந்தது. பார்த்திபன் இடது செருப்பை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். அந்தச் சத்தம் கேட்டது. திரும்பினால் காய்ந்த புங்க இலை ஒன்று கல்தரையில் உரசிக்கொண்டு போனது. மறுபடி நடந்தால் மறுபடி கேட்டது. இரண்டாம் முறை அவள் திரும்பவில்லை.

கல்யாண மகால் அடுக்கு அடுக்காக உயர்ந்து நின்றது. நடுவில் குளம், நாலு பக்கமும் வளைவு வளைவாகத் தாழ்வாரம், அறைகள். எதிரே தலைக்கு மேலே கவிழ்கிற மாதிரி ராஜகிரி மலை.

"ராஜா இருக்கறதுக்குக் கட்டினது இல்ல இது. ராணிங்க இருந்த எடம்," என்று அன்வர் பாஷா குடையால் சுட்டிக் காட்டினார். "மண்குழா வழியா மேல் மாடி வரைக்கும் தண்ணி ஏறிச்சுன்னு சொல்லுவாங்க. தேசிங்கு ராஜா சண்டையில செத்தாரு. சின்ன வயசு. அந்த ராணிக்கு அதைவிடச் சின்ன வயசு. புருஷனோட சிதையிலேயே எறங்கிட்டான்னு எங்க பக்கம் கதை. செட்டிக்குளத்தங்கரையில."

ராஜாம்பாள் அவரை முறைத்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது? பாவம், அவருக்கு யார் சொன்னார்கள் இது பெண் பார்க்கும் படலம் என்று.

கவிதா சாமர்த்தியமாக ராஜாம்பாளையும் கைடையும் மாடிக்கு அழைத்துப் போனாள். குளத்தங்கரையில் இவர்கள் இருவரும் மட்டும் நின்றார்கள்.

"எனக்கு மாடுங்ககிட்டப் பேசித்தான் பழக்கம்," என்று தேவேந்திரன் ஆரம்பித்தான். "தப்பா எதுனா பேசிட்டா மன்னிச்சுக்கோங்க."

ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனையோ நாளாகியிருந்ததால் அது பாதியில் நின்றுவிட்டது.

"ஒண்ணு கேக்கலாமா? அவரை நெனைக்கிறீங்களா?"

"தெனமும்."

"நெனைங்க. அதை விட்டுட்டு வரணும்னு நான் கேக்கல." குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவரு பேரு இன்னா?"

ஷோபனா வாயைத் திறந்தாள்.  கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. இருக்கும்போது "என்னங்க". செத்த பிறகு "அவரு". ராஜாம்பாள் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை.

"பரவால்ல, வாணாம்," என்றான் அவன். "பைக்ல எந்த எடத்துல அடிபட்டுச்சு? நான் அந்தப் பக்கமெல்லாம் வருவேன், அதான் கேட்டேன்."

நல்ல மனுஷனாக இருக்கிறானே என்பதுதான் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. இவன் கண்ணைப் பார்த்து எப்படிப் புளுகுவது? மேலே வளைவில் நின்று அன்வர் பாஷா கைதட்டிக் கூப்பிட்டார். தப்பித்தோம் என்று அவள் படியேறினாள். கெட்ட நேரம் மாடியில் காத்துக்கொண்டிருந்தது.

"தேசிங்கு ராஜா கதை போன்ல தட்டினாலே வந்துடும் மேடம்," என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். கவிதா போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள். "போன்ல வராத கதை ஒண்ணு சொல்றேன். அதோ, மலை வயித்துல செவுரு ஒண்ணு ஒடைஞ்சு நிக்குது பாருங்க. அங்கேர்ந்து ஒரு பையன் விழுந்துட்டான். மூணு வருஷம் ஆவுது."

ராஜாம்பாளின் கை தூணைப் பிடித்தது.

"பேரு சொல்ல மாட்டேன். இங்க நின்னு அவன் பேரைச் சொன்னா மேலேர்ந்து குரல் குடுப்பான்னு முன்னி சொல்லுவா. நம்ம கடையில டீ சொல்லிட்டு மேல ஏறினவன் அவன். 'அக்கா, ரெண்டு டீ, எறங்கி வந்து குடிக்கிறோம்'னுட்டுப் போனான். வரவே இல்ல. இன்னிக்கும் சாயங்காலத்துல காத்து நின்னுச்சுன்னா, அந்தச் செவுத்துப் பக்கத்துலேர்ந்து ஒரு சத்தம் வரும். 'அக்கா, டீ ரெடியா.' நானே கேட்டிருக்கேன்."

"அய்யோ, கையெல்லாம் சிலிர்க்குது," என்றாள் கவிதா.

ஷோபனாவுக்கு அந்தக் குரல் காதில் விழவில்லை. வேறு ஒன்று விழுந்தது.

"ரெண்டு டீயா?" என்றாள்.

"ஆமாம்மா. ரெண்டு."

"சாவப் போறவரு எதுக்கு டீ சொல்லிட்டுப் போவணும்?"

 கைடு இத்தனை நாளாக இந்தக் கதையைச் சொல்கிறார். கேட்டவர்கள் பயந்திருக்கிறார்கள், செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"கூட யாரு போனாங்க?"

"அது எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கு நான் வேற பார்ட்டியோட உள்ள இருந்தேன். முன்னிதான் பார்த்தா."

"நாழியாச்சு, கெளம்பலாம்," என்றாள் ராஜாம்பாள்.  "ஷோபனா, எறங்கு."

ஷோபனா இறங்கவில்லை. வளைவின் விளிம்புவரை போனாள். எதிரே மலை வெயிலில் வெந்துகொண்டு நின்றது. உடைந்த சுவரை அவள் இப்போதுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.  

"பார்த்திபன்," என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். குளத்துக்கு மேலே அது ஒரு சுற்றுச் சுற்றியது. மேலேயிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை. காற்று நின்றிருந்தது. வளைவுகளில் இருந்த புறாக்கள்கூட முனகலை நிறுத்தியிருந்தன. எல்லாமே அவளுக்குப் பதில் சொல்ல யோசிக்கிற மாதிரி இருந்தது.

"அம்மா, அந்தப் பேரு உனக்கு எப்படி..." என்று இழுத்தார் அன்வர் பாஷா. 

"அவரு என் வீட்டுக்காரரு."

அவருக்குக் குடை கைநழுவி விழுந்தது. மன்னிச்சுடும்மா, மன்னிச்சுடும்மா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கவிதா ராஜாம்பாள் பக்கம் திரும்பினாள். "பைக் ஆக்சிடென்ட்னு சொன்னீங்களே. இதையெல்லாம் மறைச்சா கல்யாணம் பேசுவீங்க?"

"அக்கா," என்றான் தேவேந்திரன். "மொதல்ல போனை அணை. கேக்கறதை அப்பறமா கேப்போம்."

ஷோபனா அதற்குள் படி இறங்கிவிட்டாள். பின்னாலேயே அந்தச் செருப்புச் சத்தம் வந்தது. இப்போது அவளுக்குப் பயமாக இல்லை. வாங்க, வந்து நீங்களே கேளுங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

முன்னி அவளை பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு எதிரே குந்தினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து நின்றார்கள். ராஜாம்பாள் மரத்தடியில் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டாள்.

"சொல்லணும்னு எத்தினி நாளு நெனைச்சிருப்பேன். யாருகிட்டன்னு போயி சொல்றது?" என்றாள் முன்னி. "அன்னிக்கு ராத்திரியே எங்க அக்கா வூட்டு நிக்காவுக்கு வாணியம்பாடி போயிட்டோம். திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுல எறங்கினா, கண்ணீர் அஞ்சலின்னு பேனர் கட்டியிருக்குது. மூஞ்சியைப் பார்க்கறேன், நம்ம கடையில டீ சொன்ன புள்ள. மலைக்கு அந்தாண்ட மறுநாளு பொணத்தை எடுத்தாங்களாம். எல்லாம் முடிஞ்சு கருமாதியும் ஆயிடுச்சுன்னாங்க."

"அவரு எப்படி இருந்தாரு? கோவமா இருந்தாரா?"

"யாரு, அந்தப் புள்ளயா? சிரிச்சுகினு இருந்தான். கையில கற்பூரப் பொட்டலம். மேல கமலக்கண்ணி அம்மன்கிட்ட ஒரு சத்தியம் வாங்கணும்க்கா, வாங்கிட்டு வந்துடறோம்னான். அப்பால என்னாண்ட கேட்டான், செஞ்சில பூ எங்கக்கா நல்லா இருக்கும், வூட்ல கோச்சிகினு இருக்குது, வெறுங்கையோட போனா உள்ள விடாதுன்னு. பெரிய பள்ளிவாசல் தெருமுனையில வாங்கிக்கன்னேன்."

ஷோபனா அழுதாள். மூன்று வருஷமாக அழுத அழுகை வேறு, இது வேறு. "போங்க" என்று சொன்னவளுக்குப் பூ வாங்க இடம் கேட்டிருக்கிறான். குதிக்கிறவன் பூ விசாரிப்பானா? அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை. அவள் சொல் அவனைக் கொல்லவில்லை. நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்தது அவிழ்ந்து, மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

"அந்தக் கிளாஸ்?" என்று மேல்பலகையைக் காட்டினாள்.

"அவனோடதுதான். சொன்ன ஆளு வராம நிமிர்த்தக் கூடாது. அதான் அப்படியே கெடக்குது."

"நான் குடிக்கலாமா?"

முன்னி புருஷனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். கிளாஸை எடுத்து மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, இஞ்சி தட்டிப்போட்டு டீ போட்டு ஊற்றினாள். பார்த்திபன் இஞ்சி டீதான் கேட்டிருந்தானாம். ஷோபனா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். தேவேந்திரன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும் வரைக்கும் தன் கிளாஸைத் தொடாமல் நின்றான்.

"ரெண்டாவது டீ?" என்றாள் அவள் கடைசியில். "கூடப் போனவரு?"

"அவன் எறங்கி வந்தானே," என்றாள் முன்னி. "தனியா வந்தான். நின்னபடியே டீயைக் குடிச்சான். எங்கப்பா இன்னொருத்தருன்னு கேட்டேன். பின்னாடி வர்றான்னு சொல்லிட்டுப் போயிட்டான். நானும் இருட்டற வரைக்கும் பால் காயவெச்சுகினு உக்காந்திருந்தேன்."

"யாரு அவன்? எப்படி இருந்தான்?"

"மூஞ்சி ஞாபகம் இல்லம்மா. நாளைக்கு எத்தினி மூஞ்சியைப் பார்க்கறேன். டீதான் ஞாபகம் இருக்குது. ஆடை ஒரு துளி இருக்கக் கூடாதுன்னு ரெண்டு வாட்டி வடிகட்டச் சொன்னான். வடிகட்டிக் குடுத்தா, அப்பவும் நம்பாம விரலை விட்டுத் துழாவறான். எனக்குக் கோவமா வந்துச்சு, அதான் மறக்கல."

 ஷோபனா மெதுவாகத் தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள். ராஜாம்பாளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் திகைப்பு இல்லை. எப்போதோ வரவேண்டியது இன்றைக்கு வந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு களைப்புத்தான் இருந்தது.

"கெளம்பலாமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கார்ச் சாவியை விரலில் சுற்றியபடி விமல்ராஜ் வந்தான். ரொம்ப நேரமாக ஆளைக் காணோமே என்று தேடி வந்திருக்கிறான். மலைப்பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்து வந்தான்.

"டிரைவரா? வாப்பா, ஒரு டீ போடட்டுமா?" என்றாள் முன்னி.

"அவனுக்கு வாணாம்," என்று ராஜாம்பாள் முந்திக்கொண்டாள். "அவன் டீயே குடிக்க மாட்டான்."

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்ன பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. டீயும் குடிக்கிறவனைப் பற்றி இந்தப் பொய் எதற்கு? மருமகளைச் சீக்கிரம் இந்த வீட்டைவிட்டு வேறு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று இந்த அம்மாள் இத்தனை நாள் பறந்தது எதற்கு? ஊர் மெச்சிய அந்த நல்ல மனசை ஷோபனா இப்போது வேறு கண்ணால் பார்த்தாள். பார்க்கப் பயமாக இருந்தது.

"ஒண்ணு போடுங்கக்கா," என்றாள். "ஒரு தடவை வடிகட்டினா போதும்."

ராஜாம்பாள் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.  "வாணாம்மா," என்றாள் ஷோபனாவுக்கு மட்டும் கேட்கிற குரலில். "பெத்ததுல இருக்கறது ஒண்ணுதான்."

ஷோபனா கையை விடுவித்துக்கொண்டாள். முன்னி ஊற்றிக் கொடுத்த கிளாஸைத் தானே வாங்கிக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

"குடி விமல். வண்டி ஓட்டணும் இல்ல?"

"சீக்கிரம் போயிடலாம் அண்ணி. இருட்டறதுக்குள்ள மேல்மலையனூர் ரோட்டைத் தாண்டிட்டா நல்லது," என்று சொல்லிக்கொண்டே அவன் கிளாஸை வாங்கினான். பேச்சு வாக்கில், தன்னையறியாமல், சுண்டுவிரலை டீக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். ஒட்டிக்கொண்டு வந்த ஆடையை மண்ணில் சுண்டிவிட்டான்.

முன்னியின் கையில் வடிகட்டி அப்படியே நின்றது. அந்த விரலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தை, இந்தத் தடவை நன்றாகப் பார்த்தாள்.

"தம்பி," என்றாள். "பின்னாடி வர்றான்னு சொல்லிட்டுப் போனியே. அந்தப் புள்ள இன்னும் வரலயேப்பா."